நீலக்கண் வெண்வலுசர்ப்பம்: அருமை, உழைப்பு, பெறுமதி பற்றி ஒரு நோக்கு

1

நாட்டார் பாடலையும் கூத்தையும் ஆராய்ச்சிக்குரியனவாக ஏற்றுக்கொண்ட நமது திறனாய்வுலகம், இயந்திரத்தில் அச்சாகிக் கோடிக்கணக்கில் விற்பனையாகும் விளையாட்டுப் பொருள்களை இன்னும் அவ்வாறு ஏற்கவில்லை. சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒரு சாராரும், ஏகாதிபத்தியக் குப்பை என்று மறு சாராரும் அவற்றை ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் ஒரே விளைவையே தருகின்றன. பொருள் ஆராயப்படாமற் போகிறது. அதன் கவர்ச்சி மட்டும் குறையாமல் நிற்கிறது. ஒரு பண்டம் ஏன் விரும்பப்படுகிறது என்ற வினாவுக்கு விடை காணாத திறனாய்வு, அப்பண்டத்தைக் கண்டித்தாலும் அதன் காலடியிலேயே நிற்கிறது.

யப்பானில் தோன்றி உலகெங்கும் பரவிய 'யூகியோ' என்னும் சீட்டு விளையாட்டில் உள்ள ஒரேயொரு சீட்டை எடுத்துக்கொண்டு, அதனைச் சூழ்ந்துள்ள கதையையும் அதன் உண்மையான சந்தை வரலாற்றையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சீட்டின் பெயர் 'நீலக்கண் வெண்வலுசர்ப்பம்' எனத் தமிழில் அமையும். டிராகன் எனும் கற்பனை விலங்கைத் தமிழ் விவிலியம் வலுசர்ப்பம் என்றே குறித்துள்ளமையால் அச்சொல்லே ஈண்டு ஆளப்படுகிறது. தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் அருகருகே அமைந்த கஹவத்தையிலிருந்து இப்பொருளை நோக்குவதில் ஒரு பொருத்தம் உண்டு. எது அருமையானது, அருமையை யார் தீர்மானிக்கின்றனர், பெறுமதி எங்கிருந்து பிறக்கிறது என்பன இம்மண்ணின் அன்றாட வினாக்கள்.

2

தகஹாஷி கஸுகி எழுதி வரைந்த 'யூகியோ' சித்திரக்கதை, ஷூயேஷா நிறுவனத்தின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 1996 முதல் 2004 வரை தொடராக வெளிவந்தது. தலைப்புக்கு 'விளையாட்டின் அரசன்' என்பது பொருள். தொடக்கத்தில் சீட்டு விளையாட்டு அக்கதையின் மையமன்று. பல்வகை விளையாட்டுகளுள் அதுவும் ஒன்றாகவே இடம்பெற்றது. 1993இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்' என்னும் சேகரிப்புச் சீட்டாட்டத்தை நினைவூட்டும் வகையில், கதைக்குள் வரும் ஆட்டத்துக்கு முதலில் 'மேஜிக் அன்ட் விசார்ட்ஸ்' என்றே பெயரிடப்பட்டிருந்தது. வாசகரின் வரவேற்பு மிகுந்தபோது சீட்டாட்டம் கதையை ஆட்கொண்டது. 1999 பெப்ரவரியில் கொனாமி நிறுவனம் அதனை உண்மையான விளையாட்டாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இலக்கியம் பண்டத்தை விளம்பரப்படுத்தியது என்று மட்டும் கூறின் அது முழுமையாகாது. இங்கு கதையின் உள்ளே இருந்த பண்டமே வெளியே வந்து விலைப்பட்டது.

சீட்டின் இயல்புகள் எளியவை. அது எட்டாம் படிநிலையைச் சேர்ந்தது. தாக்குவலு 3000, காப்புவலு 2500. சிறப்பு ஆற்றல் எதுவுமற்ற 'சாதாரண' வகையினது. பெயர் சீன எழுத்துகளில் எழுதப்படுகிறது; ஆனால் அதன் மேல் 'புளூ ஐஸ் வைட் டிராகன்' என்ற ஆங்கில ஒலிப்பு தரப்படுகிறது. கீழைத்தேய எழுத்தும் மேலைத்தேய ஒலியும் ஒரு சீட்டில் இணைவது தற்செயலன்று. கீழைத்தேய மரபில் வலுசர்ப்பம் நீருக்கும் மழைக்கும் உரிய தெய்வத்தன்மை வாய்ந்தது. மேலைத்தேய மரபிலோ அது புதையலின் மேல் படுத்துறங்கும் காவல் விலங்கு. தகஹாஷியின் விலங்கு சிறகு விரித்த மேலைத்தேய உடலைக் கொண்டது. நாகம் இரத்தினத்தைக் காக்கும் என்ற நம் நாட்டார் நம்பிக்கையும், மணிமேகலை கூறும் மணிபல்லவத்தில் நாக அரசர் இருவர் ஒரு பீடிகைக்காகப் போரிட்ட கதையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன. செல்வம் ஓரிடத்தில் குவிந்து, அதனை அடைய இயலாதவர் பெரும்பான்மையினராகும் சமுதாயங்களிலேயே புதையலைக் காக்கும் பாம்பு பிறக்கிறது.

3

கதையின்படி இச்சீட்டு உலகில் நான்கே உள்ளன. ஒன்று யூகி என்னும் சிறுவனின் பாட்டனாரான சுகொரொகு என்னும் விளையாட்டுக் கடைக்காரரிடம் உள்ளது. அதை அவர் விற்பனைக்கு வைத்தவரல்லர்; அது நண்பர் ஒருவர் அளித்த நினைவுப் பொருள். பெருநிறுவனமொன்றின் தலைவனாகிய கைபா செத்தோ என்னும் மாணவன், பெட்டி நிறைந்த சீட்டுகளை மாற்றாகத் தர முன்வருகிறான். கிழவர் மறுக்கிறார். அவன் போலிச் சீட்டொன்றை வைத்துவிட்டு மெய்ச்சீட்டைத் திருடுகிறான். ஆனால் ஆட்டத்தின்போது வலுசர்ப்பம் திருடனுக்குப் பணிய மறுக்கிறது. பின்னர் எஞ்சிய மூன்றையும் அவற்றின் உரிமையாளர்களைப் பொருளழிவுக்கும் அச்சுறுத்தலுக்கும் தற்கொலைக்கும் தள்ளிக் கைப்பற்றுகிறான். இறுதியாகக் கிழவரை ஆட்டத்தில் வென்று நான்காம் சீட்டைப் பெறுகிறான். பெற்றவுடன் அதைக் கிழித்தெறிகிறான்.

இக்கிழிப்பே கதையின் முடிச்சு. ஆட்ட விதிப்படி ஒருவர் தம் கட்டில் ஒரே சீட்டை மூன்றுக்கு மேல் வைக்க இயலாது. ஆகவே நான்காம் சீட்டு கைபாவுக்குப் பயன்படாது; பிறர் கையில் இருப்பின் அவனுக்கு எதிராகப் பயன்படும். கிழவருக்கு அதன் மதிப்பு நட்பில் உள்ளது. கைபாவுக்கோ பிறரிடம் அது இல்லாமையில் உள்ளது. ஒரு பொருளின் பயனை அழிப்பதன் மூலம் எஞ்சியதன் ஆதிக்கத்தை உறுதிப்படுத்தும் இச்செயலை, பித்தேறிய தனிமனிதனின் கொடுமை என்று மட்டும் விளக்குதல் போதாது. அது முற்றுரிமை மூலதனத்தின் இயல்பான நடைமுறை.

சப்பிரகமுவை மக்களுக்கு இந்நடைமுறை புதிதன்று. முதலாம் உலகப் போரின் பின்னர் இறப்பரின் விலை வீழ்ந்தபோது, 1922இல் தொடங்கி 1928 வரை நடைமுறையிலிருந்த ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர் ஏற்றுமதி மட்டுப்படுத்தப்பட்டது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றுக்கிடையே தேயிலை உடன்படிக்கையும், 1934இல் சர்வதேச இறப்பர் ஒழுங்குபடுத்தல் உடன்படிக்கையும் ஏற்பட்டன. பிரேசிலில் 1930களில் கோப்பி மூடைகள் எரிக்கப்பட்டன. மரம் இருந்தது, பால் இருந்தது, வெட்டும் கை இருந்தது. விலையைக் காக்கும்பொருட்டுப் பொருள் குறைக்கப்பட்டது. பொருள் குறைந்தபோது பங்குதாரரின் இலாபம் காக்கப்பட்டது. தொழிலாளியின் வேலைநாள் குறைந்தது. கைபா கிழித்தது ஒரு சீட்டை. உடன்படிக்கைகள் கிழித்தவை மனிதரின் உழைப்பு நாட்களை.

4

கதையில் நான்கேயான சீட்டு, சந்தையில் எத்தனை? 1999இல் யப்பானியத் தொடக்கப் பெட்டியில் அது இடம்பெற்றது. 2002இல் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தபோது முதலாவது பொதிவரிசைக்கே அதன் பெயர் சூட்டப்பட்டது. கைபாவின் பெயரிலான தொடக்கக் கட்டிலும் அது சேர்க்கப்பட்டது. பின்னர் பற்பல ஓவியங்களுடனும் பற்பல மினுக்குகளுடனும் அது மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. இவ்விளையாட்டின் சீட்டுகள் 2,500 கோடிக்கு மேல் விற்பனையானதாக 2011இல் கின்னஸ் நிறுவனம் பதிவு செய்தது. உலகில் மிக அரியது என்று கதை கூறும் சீட்டு, உலகில் மிகுதியாக அச்சான சீட்டாட்டமொன்றின் அடையாளச் சின்னமாயிற்று. அருமை பற்றிய கதையே மிகையான உற்பத்தியை விற்றுக்கொடுக்கிறது.

இம்முரண்பாட்டை நிறுவனம் தீர்க்கும் முறை கவனிக்கத்தக்கது. ஒரே படமும் ஒரே விதியும் கொண்ட சீட்டு, சாதாரணத் தாளிலும் மின்னும் தாளிலும் பொன்னெழுத்திலும் வெவ்வேறு 'அருமைப் படி'களில் அச்சாகிறது. ஆட்டத்தில் இவற்றிடையே எவ்வேறுபாடும் இல்லை. விலையிலோ மடங்குகணக்கான வேறுபாடு. வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளியிட்ட புகழ்மிக்க கட்டுரையில், இயந்திரப் படியெடுப்பு கலைப்பொருளின் தனித்த ஒளிவட்டத்தைக் கலைத்துவிடும் என்றும், அதில் ஒரு விடுதலைக் கூறு உண்டென்றும் வாதிட்டார். சேகரிப்புச் சீட்டு அவ்வாதத்தின் மறுதலையாக நிற்கிறது. அழிந்த ஒளிவட்டத்தை அதே இயந்திரம், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, மீண்டும் அச்சிட்டுத் தருகிறது.

1999 ஆகஸ்ட்டில் தோக்கியோ டோம் அரங்கில் வரையறுக்கப்பட்ட சீட்டுகளைப் பெறத் திரண்ட கூட்டம் கட்டுக்கடங்காது போனமை இதன் தொடக்கக் காட்சி. அதன் உச்சம் 2021 ஜூனில் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் நிகழ்ந்தது. பொதுப்பணத்தைக் கையாடியமைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட, இருபதாம் ஆண்டு நிறைவுக்கென 500 மட்டும் வெளியிடப்பட்ட பொன் வலுசர்ப்பச் சீட்டொன்றை நீதிமன்றம் இணையவழி ஏலத்தில் விட்டது. தொடக்க விலை 80 யுவான். சிறிது நேரத்துக்குள் கேள்வி விலை 8.7 கோடி யுவானைத் தாண்டியது. பொருளின் மதிப்புக்கும் கேள்விக்கும் பொருத்தமில்லை எனக் கண்ட நீதிமன்றம் ஏலத்தை இடைநிறுத்தியது. அவ்விலையை எவரும் கொடுக்கவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆனால் மனம்போன எண்ணை எழுதுவதற்கு ஓர் இடம் இருந்தது; அவ்வெண்ணுக்குத் தடைபோட நீதிமன்றத்தின் ஆணை தேவைப்பட்டது.

5

இவ்விடத்தில் நமது மாவட்டத்தின் மாணிக்கக் கல்லை நினைவுகூர்தல் வேண்டும். 'கல்லும் அரியது, சீட்டும் அரியது. இரண்டுக்கும் அருமையே விலையைத் தருகிறது' என்பது சந்தையின் வாதம். மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதற் பாகத்தின் தொடக்க அதிகாரத்திலேயே வைரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதற்கு விடையிறுத்தார். வைரம் புவியின் மேற்பரப்பில் அரிதாகக் கிடைக்கிறது. ஆகவே அதனைக் கண்டெடுக்கச் சராசரியாகப் பெருமளவு உழைப்புச் செலவாகிறது. சிறு உழைப்பில் கரியை வைரமாக்க முடியுமாயின் அதன் பெறுமதி செங்கல்லினும் தாழ்ந்துவிடும் என்பது அவர் கருத்து. அருமை என்பது உழைப்பின் மறுபெயர். குழிக்குள் இறங்கி, ஊறும் நீரை இறைத்து, 'இல்லம்' எனப்படும் கல்மண்ணை மேலேற்றி, கூடையிலிட்டு அரித்து, பலநாள் வெறுங்கையோடு திரும்பும் மனிதரின் உழைப்பே ஒரு நாள் கிடைக்கும் நீலக்கல்லில் உறைந்துள்ளது.

2021 ஜூலையில், இரத்தினபுரிப் பகுதியில் வீட்டு வளவொன்றில் கிணறு தோண்டியபோது கிடைத்த, ஏறத்தாழ 510 கிலோகிராம் எடையுள்ள நீலக்கல் திரள் பற்றிய செய்தி உலகெங்கும் பரவியது. பத்துக் கோடி அமெரிக்க டொலர் வரை பெறுமென்று மதிப்பிடப்பட்டது. செய்திகளில் கல்லின் நிறையும் விலையும் கூறப்பட்டன. கிணறு தோண்டிய கைகளின் கூலி பேசுபொருளாகவில்லை. அதே ஆண்டு மார்ச்சில்தான், நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர், தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கு 900 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் 100 ரூபாய் கொடுப்பனவும் சேர்த்து நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வர்த்தமானியில் விதிக்கப்பட்டது. அன்ஹுய் ஏலத்தில் எழுதப்பட்ட எண்ணை அவ்வாண்டின் நாணயமாற்று விகிதப்படி கணக்கிட்டால் ஏறக்குறைய 270 கோடி இலங்கை ரூபாய் வரும். அது சுமார் 27 இலட்சம் நாட் சம்பளம். ஒரே ஆண்டில் எழுந்த இவ்விரு எண்களில் ஒன்று, எவரும் கொடுக்காமலே சில நிமிடங்களில் உயர்ந்தது. மற்றொன்று, ஆண்டுக்கணக்காகக் கேட்டும் இழுபட்டே உயர்ந்தது.

எனவே கல்லையும் சீட்டையும் ஒரே தட்டில் வைத்தல் பிழை. கல்லின் அருமை இயற்கையாலும் உழைப்பாலும் அமைந்தது. சீட்டின் அருமை ஆணையால் அமைந்தது. அடுத்த நாள் அச்சகம் இயங்கினால் அது கலையும். ஆனால் இரண்டிலும் பொதுவான ஒன்றுண்டு. விலை எழுந்து நிற்கும்போது உழைத்தவர் பார்வையினின்று மறைகிறார்.

6

அம்மறைவின் கதையைத் தகஹாஷியே எழுதியுள்ளார் என்பது வியப்புக்குரியது. தொடரின் இறுதிப் பகுதி பழைய எகிப்தில் நிகழ்கிறது. வெண்கூந்தலும் நீலக்கண்ணும் கொண்ட கிசாரா என்னும் பெண் அங்கு அந்நியள். ஊரார் அவளைத் தீயசகுனம் எனக் கல்லெறிகின்றனர். அவளுள் பேராற்றல் ஒன்று உறைவதை அறிந்த அதிகாரத்தார் அவளைச் சிறைவைத்து, அவ்வாற்றலைத் தம் போருக்குக் கறந்தெடுக்க முயல்கின்றனர். அவள் மடிகிறாள், வெண்வலுசர்ப்பம் கற்பலகையில் பதிகிறது. பல்லாயிரம் ஆண்டுகளின் பின்னர் பெகாசஸ் என்னும் செல்வன் அப்பலகைகளைக் கண்டு சீட்டுகளாக்குகிறான். ஆக, உயிருள்ள பெண், கற்பலகை, சீட்டு, உலகச் சந்தை என்று ஒரு தொடர் அமைகிறது. மனித ஆற்றல் மனிதரினின்று பிரிக்கப்பட்டு, பொருளின் இயல்பாகத் தோற்றங்கொண்டு, மனிதர்மேல் ஆட்சி செலுத்துவதையே மார்க்ஸ் பண்ட வழிபாடு என்றார். லூக்காக்ஸ் 1923இல் அதனைப் பொருளாக்கம் என விரித்தார். சிறுவர் கதையொன்றில் இத்தத்துவம் உருவகமாக வந்தமைந்துள்ளது.

மனிதர் ஆட்டத்தின் பணயமாவது தமிழ் வாசகருக்கு அந்நியமன்று. 1912இல் முதற்பாகம் வெளிவந்த 'பாஞ்சாலி சபத'த்தில் பாரதி அதனையே நாட்டின் அடிமைநிலைக்கு உருவகமாக்கினார். மலையகத்துக்கோ இஃது உருவகமுமன்று, வரலாறு. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பிய தொழிலாளியின் கடன் எவ்வளவு, அக்கடனைச் செலுத்தினால் அவன் விடுவிக்கப்படுவான் என்று எழுதிய தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் கடனைச் செலுத்தித் துண்டைப் பெற்றது; தொழிலாளியின் கடனோ அவனோடு நடந்து சென்று பெருகியது. கங்காணிமார் அதனை வைத்தே பேரம் பேசினர். 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வேறொரு தாளைக் கேட்டது. தலைமுறைகளாக உழைத்தோர் தாளில்லாமையால் நாடற்றோராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் அவர்களை இலக்கக்கணக்கில் பங்கிட்டனர். எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமை வழங்கியது. தாள் ஒன்றுக்குள் மனிதரின் வாழ்வு சிறைப்படுவது எத்தகையது என்பதைக் கற்பலகையின் கதையின்றியும் இம்மக்கள் அறிவர்.

7

இனி, விளையாட்டின் வடிவத்தையும் நோக்குதல் வேண்டும். வடிவமும் சமூக உறவே. நம் நாட்டில் வழங்கும் ஓமியும் முந்நூற்றுநான்கும் 32 சீட்டுகளைக்கொண்டு ஆடப்படுபவை. முந்நூற்றுநான்கில் ஓரினச் சீட்டுகளின் புள்ளி 76. நான்கினமும் சேர்ந்தே பெயர் தந்தன. நால்வருக்கும் எட்டெட்டுச் சீட்டுகள். இருவர் இருவராகக் கூட்டு. வந்த கை நல்லதோ கெட்டதோ, ஆட்டம் முடிந்ததும் சீட்டுகள் யாவும் ஒரே கட்டுக்குத் திரும்புகின்றன. எவரும் தம் சொத்தோடு ஆட்டத்துக்கு வருவதில்லை. சேகரிப்புச் சீட்டாட்டத்திலோ ஒவ்வொருவரும் தாம் வாங்கிய கட்டோடு வருகின்றனர். ஆட்டம் தொடங்குமுன்பே சந்தை தொடங்கிவிடுகிறது. பொதுக் கட்டிலிருந்து தனியுடைமைக் கட்டுக்கு மாறிய இம்மாற்றமே இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விளையாட்டு வரலாற்றில் நிகழ்ந்த அடிப்படை மாற்றம் எனலாம். புதிய சீட்டுகள் வரவர பழைய வலுசர்ப்பம் போட்டிகளில் வலுவிழந்தது. அதற்குத் துணைச் சீட்டுகள் வெளியிடப்பட்டன. 2016 உலகப் போட்டியில் வலுசர்ப்பக் கட்டே வென்றது. பழைய விசுவாசத்துக்கும் புதிதாய்ப் பணம் செலவிட வேண்டியிருந்தது.

இவையெல்லாம் கூறியபின்னும் தகஹாஷியின் ஆக்கத்தை வெறும் வணிகத் தந்திரமென முடிவுகட்டுதல் நேர்மையாகாது. அதனுள் இரு குரல்கள் உள்ளன. ஒன்று கைபாவின் குரல். மற்றையது விற்க மறுத்த கிழவரின் குரல். ஆயுத உற்பத்தியில் வளர்ந்த நிறுவனத்தைக் கைபா விளையாட்டு நிறுவனமாக மாற்றியதாகக் கதை கூறுகிறது. ஆயினும் போட்டியின் அறம் மாறவில்லை. திருடன் கையில் வலுசர்ப்பம் பணிய மறுக்கும் காட்சியோ, பண்டத்தின் உள்ளே புதைந்த மனித உறவு ஒரு கணம் தலைநிமிர்வதாகும். கதையின் குறைபாடு, அவ்வுறவைத் தனிமனித நட்பாகவும் முற்பிறவிக் காதலாகவும் சுருக்கிவிடுவதில் உள்ளது. நான்கு சீட்டுகளை அச்சிட்டவர் யார், கைபாவின் விளையாட்டு நகரைக் கட்டியவர் யார் என்று அது கேட்பதில்லை. கிசாராவுக்கு இரங்குகிறது, கிசாராக்களை உண்டாக்கும் அமைப்பை ஆட்டவிதிபோல மாறாததாக ஏற்றுக்கொள்கிறது.

2022 ஜூலையில் ஒக்கினாவாக் கடலில் தகஹாஷி இறந்தார். நீரோட்டத்தில் சிக்கியோரைக் காக்க முயன்றபோதே அவர் உயிர் நீத்தார் என்பது பின்னர் தெரியவந்தது. அவருக்கு அப்போது வயது 60. ஆக்கத்தை ஆசிரியரின் மரணத்தைக்கொண்டு மதிப்பிடுதல் திறனாய்வாகாது. எனினும் அவர் படைப்பில் உயிர்த்துடிப்புள்ள பகுதி எதுவென வினவின், அது 3000 என்ற வலுவெண்ணன்று; பெட்டி நிறைந்த சீட்டுகளுக்கும் ஒன்றைக் கொடுக்காத கிழவரின் மறுப்பே. அம்மறுப்பு ஒரு மனிதரின் நல்லியல்பாக நிற்கும்வரை சந்தை அதனையும் படமாக்கி விற்கும். உழைத்தோர் தம் உழைப்பின் பெறுமதியை ஒன்றுகூடிக் கேட்கும்போதுதான் அது சமூக ஆற்றலாகும். பண்டத்தின் பின்னே மறைந்த மனிதரைக் காட்டுவது திறனாய்வின் கடமை. அம்மனிதர் மறைக்கப்படாத உலகை ஆக்குவது திறனாய்வால் மட்டும் ஆகும் காரியமன்று.